நிரூபிக்க வேண்டியவர் யார்? – படைவீரரின் உடல்நலமும் அரசின் கடமையும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசியலமைப்புச் சட்டத்தின் பெரிய கேள்வி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு படிவத்தைப் பற்றி. இராணுவத்திலிருந்து ஒருவர் வெளியே வரும்போது மருத்துவக் குழு அவரைப் பரிசோதித்து நிரப்பும் படிவம் அது. வீரர்கள் 'மெடிக்கல் போர்டு பேப்பர்' என்பார்கள். பல பக்கங்கள் உண்டு. ஆனால் அவருடைய மீதி வாழ்க்கையைத் தீர்மானிப்பது ஒரு சிறிய அட்டவணைதான். முதல் கட்டத்தில் நோயின் பெயர். அடுத்து மூன்று கேள்விகள்: இந்நோய் பணியால் உண்டானதா? பணியால் முற்றியதா? பணிக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும். கடைசிக் கட்டம் காரணம் எழுதுவதற்கு.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் இன்றைய சொற்பொழிவு. பணியால் நலம் கெட்ட படைவீரரிடம் "நிரூபித்துக் காட்டு" என்று கேட்கும் உரிமை அரசுக்குக் கிடையாது, மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டியது அரசுதான் என்று நமது விதிகளும் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. நடைமுறையில் இது தலைகீழாகிவிட்டது. எப்படித் தலைகீழானது, எப்படி நிமிர்த்துவது என்பதே என் பேச்சு.

பணக் கணக்கு

முதலில், இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இயலாமை ஓய்வூதியத்துக்கு இரண்டு பகுதிகள். ஒன்று பணிக்கூறு, செய்த வேலைக்கானது. மற்றது இயலாமைக்கூறு, இழந்த உடல்நலத்துக்கானது. 1961-ஆம் ஆண்டு இராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 173-ஆம் விதிப்படி இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: இயலாமை பணியால் உண்டானதாகவோ முற்றியதாகவோ இருக்க வேண்டும், அதன் அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

100 சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 12,000 ரூபாய். 20 சதவீத இயலாமை என்றால் 2,400 ரூபாய். 2001 ஜனவரி 31-ஆம் தேதியிட்ட அரசாணை இந்தச் சதவீதங்களை மேல்நோக்கி முழுமைப்படுத்தியது. 50-க்குக் கீழே எதுவானாலும் 50, அதற்கு மேல் 75 வரை 75, அதையும் தாண்டினால் 100. நம் எடுத்துக்காட்டில் 2,400 ரூபாய் 6,000 ஆகிவிடும். இந்தச் சலுகை இடையில் வெளியேற்றப்பட்டவருக்கு மட்டும்தான், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்குக் கிடையாது என்று அரசு வாதாடியது. 2014 டிசம்பர் 10-ஆம் தேதி, ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இருவருக்கும் உண்டு என்று தீர்த்துவைத்தது.

மாதம் 6,000 ரூபாய் பெரிய தொகையா என்று நகரத்தில் இருப்பவர் கேட்கலாம். சிப்பாய் ஓய்வு பெறும் வயதை நினைத்துப் பாருங்கள். முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் வெளியே வந்துவிடுகிறார். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். காவலாளி வேலைக்குப் போனாலும் உடற்தகுதி கேட்பார்கள்.

இதைவிட மோசமான நிலை, ஓய்வூதியத் தகுதிக்கான காலம் முடியும் முன்பே மருத்துவக் குழுவால் வெளியேற்றப்பட்டு 'போர்டு அவுட்' ஆகிறவருடையது. சிப்பாய்க்குப் பணி ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுகள் வேண்டும். நோய் பணியால் வந்தது என்று ஏற்றுக்கொண்டால் இந்தக் கணக்கே இல்லை. எத்தனை ஆண்டு வேலை பார்த்திருந்தாலும் பணிக்கூறு கிடைக்கும். பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டால், 10 ஆண்டு முடித்திருந்தால்தான் வெளியேற்ற ஓய்வூதியம். ஒன்பது ஆண்டு முடித்தவர் கையில் ஒரு பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இந்த 10 ஆண்டு நிபந்தனையை அரசு 2020-இல்தான் தளர்த்தியது. அதுவும் 2019 ஜனவரி 4 அன்றோ அதன் பின்னரோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டும். அதற்கு முன்னால் வெளியே வந்தவர்களுக்கு எல்லாமே அந்த அட்டவணையில் விழும் 'ஆம்', 'இல்லை'யில்தான் இருந்தது.

விதி சொல்வது என்ன?

இயலாமை ஓய்வூதியம் யாருக்கு என்பதை 2008 வரை தீர்மானித்த 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகளை மாணவர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். 5-ஆம் விதி இரண்டு அனுமானங்களை வைக்கிறது. பணியில் சேரும்போது குறிப்பிட்டு எழுதப்பட்ட குறைகள் தவிர, மற்றபடி வீரர் உடலாலும் மனத்தாலும் நலமாக இருந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் மருத்துவக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டால், நலம் கெட்டது பணியால்தான் என்று கொள்ள வேண்டும். 9-ஆம் விதி இன்னும் தெளிவானது. உரிமை கோருபவரிடம் நிரூபணம் கேட்கக் கூடாது. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே சேர வேண்டும். களத்தில் பணியாற்றியவருக்கு இன்னும் தாராளமாகச் சேர வேண்டும்.

அரசின் கையைக் கட்டிப்போட்டுவிட்ட விதிகள் அல்ல இவை. சேர்க்கையின்போது செய்யும் பரிசோதனையில் இந்த நோயைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கருதினால், அப்படிச் சொல்ல 14-ஆம் விதி இடம் தருகிறது. ஒரே நிபந்தனை, காரணங்களை எழுத வேண்டும். படிவத்தின் கடைசிக் கட்டம் அதற்காகத்தான் இருக்கிறது.

இப்படியொரு தாராளம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டனில் தேடலாம். நோயுற்றுத் திரும்பிய வீரர்களிடம் நிரூபணம் கேட்டு விரட்டுகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. 1943-இல் விதிகள் மாறின. நிரூபிக்கும் பொறுப்பு அரசின் தலைக்குப் போனது. அந்த மேல்முறையீடுகளை விசாரித்தவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நீதிபதி டென்னிங். இங்கே அமர்ந்திருக்கும் சட்ட மாணவர் ஒவ்வொருவரும் மில்லர் எதிர் ஓய்வூதிய அமைச்சர் என்ற 1947-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'நியாயமான ஐயத்துக்கு அப்பால்' என்றால் என்ன என்பதற்குக் குற்றவியல் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் தீர்ப்பு அது. கொலை வழக்குகளில் நாம் நாள்தோறும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அது கொலை வழக்கு அல்ல. இறந்துபோன இராணுவ அதிகாரி ஒருவரின் மனைவி ஓய்வூதியம் கேட்ட வழக்கு. ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்ப அரசு எவ்வளவு உறுதியாக நிரூபிக்க வேண்டுமோ, அதே உறுதியோடு நிரூபித்தால்தான் ஒரு படைவீரரின் கோரிக்கையை மறுக்க முடியும் என்ற நிலையில்தான் அந்த விளக்கம் பிறந்தது. நம் 1982 விதிகள் இந்த மரபில் வந்தவை.

பேப்பர் ஏன் இல்லை?

விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சிக்கல் எங்கே முளைக்கிறது? என் அலுவலகத்துக்கு வரும் கட்சிக்காரர்களில் ஒருவரைச் சொல்கிறேன். பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்தவர். அவரோடு மனைவியும் வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு பேப்பர், நாசிக்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வந்த கடிதங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கியது அந்த அம்மாதான். நான் கேள்வி கேட்பது அவரிடம், பதில் வருவது அம்மாவிடமிருந்து.

"சார், அவருக்கு வலது காது சுத்தமா கேக்காதுங்க. இடதுலயும் கொஞ்சம்தான். ஃபயரிங்ல போனது. டி.வி. வச்சா தெருவுக்கே கேக்கும்."

"காது வலின்னு எப்பவாவது எம்.ஐ. ரூமுக்குப் போனீங்களா?" என்று, யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறையைக் குறிப்பிட்டு, அவரிடம் சத்தமாகக் கேட்டேன்.

இந்தமுறை அவரே பேசினார். "போகலைங்க சார். சிக் ரிப்போர்ட் போனா கேட்டகிரி இறங்கிடும். கேட்டகிரி இறங்கினா ஹவில்தார் ஆகியிருக்க முடியாதுங்களே."

இந்தப் பதிலுக்குள் முழுச் சிக்கலும் இருக்கிறது. இராணுவத்தில் உடற்தகுதியை 'ஷேப்' என்ற அளவுகோலால் பார்க்கிறார்கள். மனநலம், செவி, கைகால்கள், பொது உடல்வலிமை, கண் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே தரம். ஐந்திலும் முதல் தரமாக இருப்பவர் 'ஷேப் ஒன்'. அதிலிருந்து இறங்கியவர் 'லோ மெடிக்கல்'. பதவி உயர்வு, நல்ல கோர்ஸ், சில இடமாற்றங்கள் எல்லாம் ஷேப் ஒன்னோடு பிணைந்தவை. ஆகவே காது இரைந்தாலும் முட்டி வலித்தாலும் வாய்திறக்காமல் ஓட்டிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று ஒவ்வொரு யூனிட்டிலும் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மன உளைச்சல் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் ஓய்வு பெறும் வாசலில் பரிசோதிக்கும்போது, "இதற்கு முன்னால் மருத்துவ ஆவணம் எதுவும் இல்லையே" என்கிறார்கள். பேப்பர் இருந்தால் பணியில் பாதிப்பு, இல்லாவிட்டால் பென்ஷனில் பாதிப்பு.

விபத்தில் அடிபட்டவர் ஓரளவு தப்பிக்கலாம். யூனிட்டில் விசாரணை நடக்கும், காய அறிக்கை இருக்கும், யூனிட்டின் 'பார்ட் டூ ஆர்டர்' பதிவிலும் ஏறியிருக்கும். நோய்க்கு அப்படி ஒரு தேதி கிடையாது. இரத்த அழுத்தம் எந்தக் கிழமையில் தொடங்கியது என்று யாரால் சொல்ல முடியும்?

அந்த ஹவில்தாரின் படிவத்தில், காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் இருந்தது ஒரே சொற்றொடர்: பணிக்குத் தொடர்பில்லாதது. முன் கட்டத்தில் 'தொடர்பில்லை – ஆம்' என்று எழுதியதையே இங்கே திருப்பி எழுதியிருந்தார்கள். எத்தனை ஆண்டு பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றார், காதுக்குப் பாதுகாப்பு கொடுத்தார்களா, வேறு என்ன காரணத்தால் கேட்காமல் போயிருக்கும் என்று ஒரு வரியும் இல்லை. முடிவையே காரணமாக எழுதும் இந்தப் பழக்கத்தை நூற்றுக்கணக்கான தீர்ப்புகளில் காணலாம். 'பணியால் உண்டானதும் இல்லை, முற்றியதும் இல்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் 'நானா'. போர்டு பேப்பரிலும் வழக்காடுமன்றத்திலும் அதிகம் புழங்கும் சுருக்கங்களில் ஒன்று.

நீதிமன்றங்கள் திறந்த வழி

இந்தப் பழக்கத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தந்த முதன்மையான தீர்ப்பு, தரம்வீர் சிங் எதிர் இந்திய ஒன்றியம். நாள் 2013 ஜூலை 2. சிக்னல்ஸ் படைப்பிரிவில் 1985-இல் சேர்ந்து, வலிப்பு நோய் காரணமாக 1994-இல் வெளியேற்றப்பட்ட சிப்பாயின் வழக்கு அது. இயலாமை 20 சதவீதம் என்று மருத்துவக் குழு மதிப்பிட்டது. ஆனால் இது அவரது உடல்வாகைச் சேர்ந்த நோய், பணியோடு தொடர்பில்லை என்று எழுதிவிட்டது. சேர்க்கையின்போது இந்நோய் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை. மறுத்ததற்குக் காரணமும் இல்லை. விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கிய நீதிமன்றம், காரணம் எழுதப்படாத மருத்துவக் கருத்தை வைத்துக்கொண்டு அனுமானத்தை உடைக்க முடியாது என்றது. வெளியேறி 19 ஆண்டுகள் கழித்து அவருக்கு நியாயம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு சுக்விந்தர் சிங் வழக்கில் நீதிமன்றம் இன்னொரு படி போனது. உடல்நலக் குறைவைக் காட்டி ஒருவரை வேலையைவிட்டே அனுப்புகிறீர்கள் என்றால், அந்தக் குறைவு 20 சதவீதத்துக்கும் மேல் என்றுதானே பொருள், அதைவிடக் குறைவு என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டது. 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கில், பல வீரர்களின் வழக்குகளை ஒன்றாக எடுத்து, தரம்வீர் சிங் தீர்ப்பை மறுபடியும் உறுதிசெய்தது.

இதற்கும் முன்பே, 1993-இல் மொகிந்தர் சிங் வழக்கில் ஓர் அடிப்படையான செய்தி சொல்லப்பட்டிருந்தது. வீரரை நேரில் பரிசோதித்த மருத்துவக் குழு ஒரு சதவீதம் எழுதியிருக்கும். அலகாபாத்தில் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து, ஆளைப் பார்க்காமலே அதை வெட்டிக் குறைப்பார்கள். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

2009 ஆகஸ்டில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கிய பின் வழக்காடுவது எளிதானது. சென்னையில் ஓர் அமர்வு இருக்கிறது. ஆனால் வெல்வது எளிதானாலும் வென்றதைக் கையில் வாங்குவது எளிதாகவில்லை. ஒரே கேள்வியில் அரசு நூறு முறை தோற்ற பிறகும் நூற்றொன்றாவது வீரர்மேல் மேல்முறையீடு போனது. 2015-இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் அமைத்த வல்லுநர் குழு, தீர்ந்துபோன இந்தக் கேள்விகளில் மேல்முறையீடு செய்வதை நிறுத்துங்கள் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைக்குப் பிறகும் வழக்குகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தாமதத்துக்கு விலை கொடுப்பவரும் வீரர்தான். தர்செம் சிங் வழக்கில் 1983-இல் வெளியேற்றப்பட்டவர் 1999-இல் உயர் நீதிமன்றம் வந்தார். ஓய்வூதியம் கிடைத்தது, ஆனால் நிலுவை, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். தெரியாமல் காத்திருப்பவரும் இதே கணக்கில்தான் அடங்குவார். முன்னாள் படைவீரர்கள் இந்த ஒரு செய்தியையாவது ஊரில் போய்ச் சொல்லுங்கள்.

மறுபக்கம்

அரசுத் தரப்பின் வாதத்தையும் முழுமையாக வைக்க வேண்டும். இராணுவத்தில் இருக்கும்போது வந்த எல்லா நோயும் இராணுவத்தால் வந்தது ஆகாது. ஊரிலேயே இருந்திருந்தாலும் நாற்பது வயதில் சர்க்கரை வந்திருக்கலாம். பரம்பரை நோய்கள் உண்டு. 2019-இல் மனநோய் தொடர்பான ஒரு வழக்கில், இத்தகைய நோயைச் சேர்க்கையின்போது கண்டுபிடிக்க முடியாது என்ற மருத்துவக் கருத்தை ஏற்று உச்ச நீதிமன்றமே ஓய்வூதியத்தை மறுத்திருக்கிறது. இன்னொரு புகாரும் உண்டு. வாழ்க்கைமுறை நோய்களைக் காட்டி இயலாமை ஓய்வூதியத்தோடு போகும் அதிகாரிகள் மிக அதிகமாக இருக்கிறார்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அதைப் புறந்தள்ளக் கூடாது.

இந்தக் கவலைகளுக்குப் பதிலாக அரசு விதிகளை மாற்றியது. 2008 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில், சேர்க்கைப் பரிசோதனை முழுமையானது அல்ல, மறைந்திருக்கும் நோயை அது காட்டாது, பணியில் இருக்கும்போது நோய் தெரிந்தது என்பதாலேயே பணியால் வந்தது ஆகிவிடாது என்று எழுதிவைத்தார்கள். பணியைவிட்டு 15 ஆண்டுகள் கழித்துக் கோரினால் நிரூபிக்கும் பொறுப்பு கோருபவருடையது என்றும் சேர்த்தார்கள். 2023 செப்டம்பர் 21 முதல் மறுபடியும் புதிய விதிகள். பணிக்காலம் முடித்து வெளிவருபவருக்கான தொகையின் பெயர்கூட மாறிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அனுமானத்தைத் தளர்த்தினாலும் காரணம் சொல்லும் கடமை போகவில்லை. சர்க்கரை நோய் அமைதிப் பகுதியில் இருக்கும்போது தெரியவந்தது, எனவே பணிக்குத் தொடர்பில்லை என்று எழுதிய மருத்துவக் குழுவின் முடிவை 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நியாயம்தானே? களத்தில் மூன்றாண்டு இருந்துவிட்டு 'பீஸ் ஸ்டேஷன்' வந்த பிறகுதான் இரத்தப் பரிசோதனையே நடக்கிறது. நோய் தெரியவந்த ஊரைப் பார்க்கிறார்கள்; வீரர் இதற்கு முன் எங்கெங்கே இருந்துவிட்டு வந்தார் என்று பார்ப்பதில்லை.

பணி உடலை என்ன செய்யும் என்பது நம் இராணுவ மருத்துவர்களுக்குத் தெரியாததும் அல்ல. 1962 போர்க்காலத்தில் சமவெளியிலிருந்து வீரர்களை அவசர அவசரமாக இமயத்தின் உச்சிகளுக்கு ஏற்றினார்கள். நுரையீரலில் நீர் கோத்துப் பலர் சுருண்டு விழுந்தார்கள். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய தோழர்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரை, மலைநோய் பற்றிய அறிவுக்கு உலக அளவில் அடித்தளமான ஆய்வுகளில் ஒன்று. 1984 ஏப்ரலிலிருந்து சியாச்சினில் நம் வீரர்கள் நிற்கிறார்கள். உயரத்தில் இரத்தம் அடர்ந்து கட்டிப்போவது, பனிக்கடியில் விரல் கறுப்பது எல்லாம் அந்த மருத்துவமனைகளின் அன்றாடம். ஆய்விதழுக்குக் காரணகாரியத்தோடு எழுதத் தெரிந்த துறைக்கு, ஒரு சிப்பாயின் படிவத்தில் நான்கு வரி எழுதுவது கடினமான வேலையா?

அமெரிக்கா கண்ட குறுக்குவழி

இதே சிக்கல் அமெரிக்காவுக்கும் வந்தது. வியட்நாம் காடுகளில் தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்ச்' என்ற களைக்கொல்லியால் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று ஒவ்வொரு வீரரும் தனித்தனியே நிரூபிப்பது எப்படி? நிரூபிக்க முடியாது என்று தெரியப் பல ஆண்டுகள் ஆயின. 1991-இல் ஒரு சட்டம் போட்டார்கள். இந்தக் காலத்தில் வியட்நாமில் இருந்தீர்களா, இந்தப் பட்டியலில் உள்ள நோய் இருக்கிறதா, போதும், பணியால் வந்ததாகவே கொள்வோம் என்றார்கள். 2022 ஆகஸ்டில் பேக்ட் சட்டம் இதே முறையை ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பையை எரித்த குழிகளின் புகைக்கும் நீட்டித்தது. அங்கேயும் தாமதம் உண்டு, குறைகள் உண்டு. ஆனால் இடம், காலம், நோய் மூன்றும் பொருந்தினால் வாதம் முடிந்தது என்ற முறை, மருத்துவர், வீரர், நீதிமன்றம் மூவரின் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. பீரங்கிப் படையில் இருந்தவரின் செவித்திறன் இழப்புக்கும், மிக உயரமான பகுதியில் இருந்தவரின் இரத்தக்கட்டிக்கும் நாமும் இப்படி ஒரு பட்டியலை வெளிப்படையாக வைக்கலாம்.

அடுத்து வரும் தலைமுறை

இதை அவசரமாகப் பேச ஒரு காரணம் உண்டு. 2022-இல் அக்னிபத் திட்டம் வந்தது. அக்னிவீரருக்கு நான்காண்டுப் பணி, ஓய்வூதியம் கிடையாது. பணியால் இயலாமை ஏற்பட்டால் 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம் ரூபாய் என ஒருமுறைக் கருணைத்தொகை. பழைய சிப்பாய்க்கு 'நானா' விழுந்தாலும் 15 ஆண்டு முடித்திருந்தால் பணி ஓய்வூதியமாவது மிஞ்சியது. இருபத்தோரு வயது அக்னிவீரருக்கு அந்தக் கைப்பிடியும் இல்லை. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதும் வரிகள் இனி முன்னைவிடக் கனமானவை.

நம் மாநிலத்துக்கு இதில் பங்கு அதிகம். 1758-இல் தொடங்கிய மதராஸ் படைப்பிரிவின் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் படைக்குப் போன ஊர். அப்படிப்பட்ட ஊர்களில் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைபவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில், ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரி போய்ச் சேராததால் எத்தனை ஆண்டுகளின் பணம் போயிருக்கிறது!

செய்ய வேண்டியவை

மூன்று காரியங்கள் வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன். மூன்றுக்கும் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

ஒன்று, காரணம் எழுதாத மறுப்பு செல்லாது என்று பாதுகாப்பு அமைச்சகமே உத்தரவிட வேண்டும். கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தாலோ, முடிவையே திருப்பி எழுதியிருந்தாலோ அந்தப் படிவத்தை மருத்துவக் குழுவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வீரரின் பணிப்பட்டியல் முழுதும், எந்த ஆண்டு எந்த இடத்தில் இருந்தார் என்பது, படிவத்தோடு மருத்துவர் மேசைக்கு வர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு மறுத்தால் மறுக்கட்டும். காரணத்தோடு மறுத்த ஒரு முடிவை நீதிமன்றமும் மதிக்கும். தணிக்கையாளரின் கவலைக்கும் இதுதான் மருந்து. தகுதியில்லாத கோரிக்கையை ஒதுக்கக் கைகொடுப்பதும் எழுதிய காரணமே.

இரண்டு, பணியில் இருக்கும்போதே பேப்பர் உண்டாக வேண்டும். பீரங்கிப் படையினருக்குச் செவிப் பரிசோதனை, உயரமான பகுதியிலிருந்து இறங்கி வருபவருக்கு இரத்தப் பரிசோதனை, களத்திலிருந்து திரும்பியவருக்கு மனநல உரையாடல் இவற்றை எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும். எல்லோரும் போகும் பரிசோதனைக்குப் போவதால் யாருக்கும் பெயர் கெடாது. பதவி உயர்வும் போகாது.

மூன்றாவது, உங்களுக்கானது. 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்காக வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கியது. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையங்கள் வைப்பது அதன் நோக்கம். மையம் திறந்தால் போதாது, போர்டு பேப்பரைப் படிக்கத் தெரிந்த ஆள் உட்கார வேண்டும். சட்ட மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் அங்கே போய் உட்காருங்கள். வருபவரிடம் முதலில் டிஸ்சார்ஜ் புக்கைக் கேளுங்கள், சேர்ந்த தேதியையும் வெளியேறிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெடிக்கல் போர்டு பேப்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதிக்கொடுங்கள். இருந்தால் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போங்கள். அங்கே காரணம் இல்லையென்றால் மேல்முறையீட்டின் முதல் பத்தி உங்களுக்குக் கிடைத்துவிட்டது. தரம்வீர் சிங் தீர்ப்பை அந்தப் பத்தியில் எழுதுங்கள். ஆறு மாதக் கெடு தாண்டியிருந்தாலும் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி அன்றே அனுப்புங்கள். நிலுவை, மனு போட்ட நாளிலிருந்து பின்னோக்கித்தான் எண்ணப்படும். நாம் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அவருக்கு ஒரு மாதப் பணம் போகும்.

மில்லர் தீர்ப்பைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்காக நாள்தோறும் வாதாடுகிறோம்; அது சரிதான். அந்தத் தீர்ப்பு முதலில் யாருக்காகப் பேசப்பட்டதோ அவருக்காகவும் வாதாடுவோம்.